வாரிசுக்கு வேண்டாம், எனக்கே வேண்டும்

துப்புரவு வேலை பார்க்கிற ஒருவருக்குக் கை போய்விட்டது, அல்லது கண் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது, நம் தெருவில் எண்ணினாலே ஆள் தேறும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து கட்டுப் பிரிப்பதற்குள் நான்கு பேர் வந்துவிடுகிறார்கள். ஒருவர் சங்கத்துக்காரர். ஒருவர் கவுன்சிலர். ஒருவர் ஆபீஸ் கிளார்க்குக்கு வேண்டியவர். நான்காவது ஆள் நம் சொந்தக்காரர். நான்கு பேரும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள்: "ஒடம்பு முடியலன்னு எழுதிக் குடுத்துடு. பையனுக்கு வேலைய வாங்கிடலாம்."

இதைத்தான் நாம் உதவி என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். சங்கம் போராடி வாங்கித் தந்த சலுகை என்று துண்டறிக்கையில் போட்டுக்கொள்கிறோம். நான் சொல்ல வருவது இதுதான்: உயிரோடு இருக்கிற ஒரு தொழிலாளியை ஊனத்தைக் காட்டி எழுப்பிவிட்டு, அவர் விட்ட துடைப்பத்தை அவர் பிள்ளையின் கையில் கொடுப்பது சட்டத்துக்கு விரோதம். ஆனால் தர்மத்துக்கு விரோதம் இல்லை, மனு சொன்ன தர்மமே அதுதான். சட்டம் நம் பக்கம் இருக்கும்போது நாம் தர்மத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1995ஆம் வருட ஊனமுற்றோர் சட்டம் 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் 47ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அந்தச் சட்டம் போய் 2016ஆம் வருடச் சட்டம் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடக்கிறது. பழைய 47 இப்போது 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவாக இருக்கிறது. சாரம் மாறவில்லை. அரசு நிறுவனம் எதுவும், வேலையில் இருக்கும் காலத்தில் ஊனம் அடைந்த ஒருவரை வேலையைவிட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியவில்லையா, அதே சம்பள விகிதம், அதே சலுகைகளோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். மாற்ற ஒரு இடமும் இல்லையா, மிகைப் பணியிடம் ஒன்றை உண்டாக்கி, பொருத்தமான இடம் வருகிற வரைக்கும் அல்லது ஓய்வு வயது வரைக்கும் அதில் வைத்துக்கொள்ளலாம். அரசு நிறுவனம் என்றால் செக்ரடேரியட் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளாட்சி அமைப்புகளையும் சட்டம் அந்த விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது. நகராட்சி, மாநகராட்சி எல்லாம் அதில் அடக்கம். வேலை செய்யும்போது அடிபட்டிருக்க வேண்டும் என்றுகூடச் சட்டம் கேட்கவில்லை. வேலையில் இருக்கிற காலத்தில் ஊனம் வந்தால் போதும். சர்க்கரை வியாதியில் கால் எடுத்தாலும் கணக்குத்தான்.

இது ஏட்டுச் சட்டமாகவே கிடக்கவும் இல்லை. குணால் சிங் என்ற காவலர், பணியில் இருக்கும்போது காயம்பட்டு ஒரு கால் எடுக்கப்பட்டது. மருத்துவ வாரியம் லாயக்கில்லை என்றது, வீட்டுக்கு அனுப்பினார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம், 47ஆம் பிரிவு நிறுவனம் விரும்பினால் செய்கிற காரியமில்லை, கட்டாயம் என்று தீர்ப்புச் சொன்னது. அவருக்குத்தான் ஊனத்துக்கான பென்ஷன் கொடுத்தாயிற்றே என்று அரசுத் தரப்பு வாதாடியது. பென்ஷன் கொடுத்தது வேலையை மறுக்கக் காரணமாகாது என்றது நீதிமன்றம். இந்த வரியை நம் ஆட்கள் மனப்பாடம் செய்ய வேண்டும். பணம் கொடுத்தாயிற்று என்பது வேலையைப் பறித்ததற்கு ரசீது ஆகாது.

அதைவிட நமக்குக் கிட்டத்தில் இருக்கிற வழக்கு பகவான் தாஸ் வழக்கு. பஞ்சாப் மின்வாரியத்தில் உதவி லைன்மேன். 1994இல் கண்பார்வை முழுதும் போய்விட்டது. 1996இல் அவரே ஒரு கடிதம் எழுதினார், அல்லது எழுத வைக்கப்பட்டார். கடிதத்தில் இருந்தது என்ன? எனக்கு ஓய்வு கொடுங்கள், என் மனைவிக்கு ஒரு வேலை கொடுங்கள். பஞ்சாபிலும் அந்த நான்கு பேர் போயிருக்கிறார்கள் பாருங்கள்! 1997இல் வாரியம் முதல் பாதியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு அவரை அனுப்பியது. பிறகு அவர் நீதிமன்றம் போனபோது, கடிதத்தைத் தூக்கிக் காட்டியது: நாங்களா அனுப்பினோம், அவர்தானே கேட்டார். உயர் நீதிமன்றத்தில் தோற்றார். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 47ஆம் பிரிவு என்ற ஒன்று இருப்பதே தெரியாத கடைநிலை ஊழியர் எழுதிய கடிதம் அது, உனக்கு வேலையில் தொடர உரிமை இருக்கிறது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது அதிகாரிகளின் கடமை, அதைச் செய்யாமல் கடிதத்தை வைத்து ஆளை அனுப்பியது செல்லாது என்றது. மீண்டும் பணியில் சேர்த்து, விட்டுப்போன சம்பளத்தையும் கொடுக்கச் சொன்னது.

ஆக, எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. எழுதி வாங்கியவன்தான் பதில் சொல்ல வேண்டும். 2008லிருந்து இதுதான் சட்டம். இத்தனை வருடமாக எத்தனை நகராட்சியில் எத்தனை கடிதங்கள் எழுதி வாங்கப்பட்டிருக்கின்றன என்று நம் சங்கங்களிடம் ஒரு கணக்கு இருக்கிறதா?

இந்த வழக்குகளில் யார் யார் வருகிறார்கள் என்றும் பாருங்கள். காவலர். லைன்மேன். 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர் நிறம் பிரித்தறிய முடியாமல் போன போக்குவரத்துக் கழக டிரைவர். 2023இல் தமிழ்நாடு மின்வாரியத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தவர், அதே குறையைச் சொல்லி வேலை மறுக்கப்பட்ட பொறியாளர். எல்லோரும் நியாயமாகப் போராடியவர்கள், அவர்கள் ஜெயித்தது நமக்கும் லாபம். ஆனால் துப்புரவுத் தொழிலாளியின் பெயர் உச்ச நீதிமன்றத்தில் பெரிதாக அடிபடுகிற வழக்குகள் வேறு வகை. 2014 சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வழக்கு: சாக்கடைக் குழியில் செத்தால் 10 லட்சம். 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கு: செத்தால் 30 லட்சம், நிரந்தர ஊனமாகிப் பிழைக்க வழியில்லாமல் போனால் 20 லட்சத்துக்குக் குறையாமல், மற்ற ஊனத்துக்கு 10 லட்சத்துக்குக் குறையாமல். இந்தத் தீர்ப்புகளை வாங்கப் பாடுபட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பணத்தை ஒரு ரூபாய் பாக்கியில்லாமல் வாங்க வேண்டும். நான் கேட்பது: காவலருக்குக் கால் போனால் நாற்காலி, நமக்குக் கை போனால் விலைப்பட்டியல் மட்டும்தானா?

*

ஏன் தர மறுக்கிறார்கள்? பணம் இல்லை என்பார்கள். பொய். அந்த ஆளின் சம்பளம் ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கிறது. அதே சம்பளத்தில் வேறு இடத்தில் உட்கார வைக்கத்தான் சட்டம் சொல்கிறது. பிரச்சினை அந்த "வேறு இடம்"தான்.

எங்கள் தெருவில் ஒரு மாமா. ஒரு நகராட்சியில் நிரந்தரத் தொழிலாளி, சாக்கடை தூர்வாருகிற வேலை. சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து வாளியில் தூக்கிப் போகும்போது முகத்தில் அடித்து, ஒரு கண் அங்கேயே போனது, இன்னொன்று மங்கிப்போனது. அது நடந்தது 2011இல். அவர் சொன்னதை அவர் வாயாலேயே தருகிறேன்:

"ஆஸ்பத்திரிலேந்து வந்து ஆபீசுக்குப் போனேன் மாப்ள. மேனேஜரு வெளிய வரச் சொல்லிட்டு அவரு ஜன்னலுக்கு உள்ளயே நின்னுக்கிட்டாரு. 'ஒனக்குக் கண்ணு போச்சு, எழுதிக் குடுத்துட்டுப் போ, ஒம் மவனுக்குப் பாக்கலாம்'னாரு. சார், ஒரு கண்ணு மங்கலா தெரியுது சார், டேங்க்ல வால்வு தொறந்து மூடுற வேல குடுங்க சார், மணி அடிச்சா தொறக்கணும், மணி அடிச்சா மூடணும், அதுக்கு எதுக்கு சார் ரெண்டு கண்ணுன்னேன். அதுக்கு அவரு சிரிச்சாரு மாப்ள. கோவப்படல, சிரிச்சாரு. 'தண்ணி டேங்க்ல ஒன்ன வுட்டா ஊருக்குள்ள எவன்யா தண்ணி குடிப்பான்?'னாரு."

தோழர்களே, இந்த ஒரு வாக்கியத்தில் ஊனம் எங்கே இருக்கிறது? கண்ணைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கண் இருந்தபோதும் அந்த டேங்கில் அவரை விட்டிருக்க மாட்டார்கள். கண் போனதால் அவரை அனுப்பினார்கள் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்று சட்டம் சொன்னதாலும், துப்புரவுத் தொழிலாளியை மாற்றிவிட வேறு வேலை எதுவும் சாதியில் கிடையாது என்பதாலும் அனுப்பினார்கள்.

எந்த நகராட்சிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காலையில் துப்புரவுத் தொழிலாளிகள் வருகைப் பதிவு கொடுக்கிற இடம் ஆபீசுக்குள் இருக்கிறதா? வண்டி நிற்கிற ஷெட்டில் இருக்கும், வார்டு ஆபீஸ் வாசலில் இருக்கும், டீக்கடைக்கு எதிரில் மரத்தடியில் இருக்கும். மஸ்டர் நோட்டு போய் இப்போது செல்போனில் முகத்தைக் காட்டுகிறார்கள், அதுவும் தெருவில் நின்றுதான். அதே நகராட்சி ஆபீசில் தபால் பிரிக்கிற இடம், வரி ரசீது எழுதுகிற இடம், பிறப்பு இறப்புப் பதிவேடு, பம்ப் ஹவுஸ், பூங்கா, நூலகம் என்று எத்தனை நாற்காலிகள். ஒரு கை இல்லாதவர் போன் எடுக்க முடியாதா? கால் இல்லாதவர் டோக்கன் கொடுக்க முடியாதா? முடியும். முடிந்தால், நேற்றுவரை மலக்குழியில் இறங்கிய ஆள் இன்று உள்ளே வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அதே டம்ளரில் டீ குடிப்பார். இந்த நாட்டில் துப்புரவுத் தொழிலாளியைத் தெருவிலிருந்து எடுத்து ஆபீசுக்குள் நாற்காலியில் உட்கார வை என்று நேராக உத்தரவு போடுகிற சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதை எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்! ஆனால் எழுதிவிட்டார்கள்.

பரோடா சமஸ்தானத்தில் பாபாசாகேப் வேலைக்குச் சேர்ந்தது 1917இல். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த அதிகாரி அவர். ஆபீஸ் பியூன் கோப்புகளைத் தூரத்தில் நின்று அவர் மேசையில் வீசினான் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. தொடாமல் வீசுவதற்கு அன்றைக்குக் கோப்பு இருந்தது. இன்றைக்கு அந்த வேலையை மெடிக்கல் சர்டிபிகேட் செய்கிறது.

மாமாவின் மகன் பிளஸ் டூ பாஸ். அவனுக்கு வேலை கிடைத்தது. அதே நகராட்சி, அதே பிரிவு, அதே மேஸ்திரி. கருணை அடிப்படையில் கொடுத்தார்களாம். படித்த பிள்ளைக்குத் துடைப்பம் கொடுக்கிற இந்தக் கருணைக்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது, குலத்தொழில். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்து விரட்டிய மாநிலம் இது. அதே மாநிலத்தில் அப்பன் கண்ணை விலையாகக் கொடுத்தால் பிள்ளைக்குக் குலத்தொழில் கிடைக்கிறது, நாம் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடுகிறோம்.

இறந்துபோன தொழிலாளியின் குடும்பத்துக்கு வேலை தருவதை நான் எதிர்க்கவில்லை. அது பசியில் கிடக்கிற குடும்பத்துக்குப் பிடி சோறு. ஆனால் உயிரோடு இருக்கிறவரைச் செத்தவர் கணக்கில் எழுதி வாரிசு தேடுவது என்ன நியாயம்? மகனுக்கு வேலை வேண்டுமென்றால் அவன் படிப்புக்கு வேறு வேலை கேட்போம், தனியாகக் கேட்போம். அப்பன் நாற்காலிக்கு அதை மாற்றுச் சரக்கு ஆக்க வேண்டாம்.

*

ஊனமும் சாதியும் வேறு வேறு பிரச்சினை என்று நம்மிடையே சிலர் சொல்கிறார்கள். வேறு வேறு என்றால் இரண்டுக்கும் ஏன் ஒரே விளக்கம்? மனுவைப் புரட்டுங்கள். 11ஆம் அத்தியாயத்தில் போன பிறவியில் குதிரை திருடினால் இந்தப் பிறவியில் நொண்டி, விளக்குத் திருடினால் குருடு என்று ஒரு தண்டனைப் பட்டியல் இருக்கிறது. 9ஆம் அத்தியாயத்தில் பிறவிக் குருடருக்கும் செவிடருக்கும் ஊமைக்கும் உறுப்புக் குறைந்தவருக்கும் அப்பன் சொத்தில் பங்கு கிடையாது. சேரியில் பிறந்ததும் முன்வினை, கண்ணில்லாமல் பிறந்ததும் முன்வினை. ஒரே கச்சேரியில் எழுதிய இரண்டு உத்தரவு. நமக்கு மட்டும் இதில் ஒரு வேடிக்கை: சொத்தில் பங்கு இல்லாதவனாக மனு வைத்த குருடனுக்கு, துடைப்பத்தில் மட்டும் வாரிசு உரிமை.

மனுவோடு நிற்கவில்லை. தமிழ் எம்.ஏ. படித்ததில் எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என்று எட்டு வகை எச்சம் எண்ணப்படுகிறது. அந்தப் பிறவிகளால் ஊதியம் இல்லை என்பது அதில் வருகிற முடிவு. அன்றைக்கு ஊதியம் என்றால் பயன், ஆதாயம். இன்றைக்கு அந்தச் சொல்லுக்குச் சம்பளம் என்று பொருள். உரையாசிரியர் இல்லாமலே நகராட்சி மேனேஜர் புதிய பொருளில் அதை அமல்படுத்திக்கொண்டிருக்கிறார்.

பெயரை மாற்றுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. காந்தி நமக்கு ஹரிஜன் என்று பெயர் வைத்தார், கடவுளின் பிள்ளைகள். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி ரேடியோவில் ஊனமுற்றோருக்கு திவ்யாங் என்று பெயர் வைத்தார், தெய்வீக உறுப்பு உடையவர்கள். துப்புரவு என்பதைத் தூய்மை என்று மாற்றியாயிற்று. எங்கெல்லாம் ஒரு மனிதனுக்கு வேலையும் மரியாதையும் தர மனமில்லையோ அங்கெல்லாம் கடவுளை நடுவில் கொண்டுவந்து உட்கார்த்திவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளி என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை. அரசாங்கத் தாளில் அதைத்தான் எழுத வேண்டும். இந்தப் பக்கங்களில் ஊனமுற்றோர் என்றே எழுதுகிறேன், என்ன பறிக்கப்பட்டது என்பது அந்தச் சொல்லில் மறையாமல் இருக்கிறது.

நம் வீட்டுக் குறையையும் பேசிவிடுவோம். அரசியல் சட்டத்தின் 15ஆவது உறுப்பு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்று எண்ணிவிட்டு நின்றுவிடுகிறது, ஊனம் அதில் இல்லை. ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 9ஆவது இனத்தில் ஊனமுற்றோர் வருகிறார்கள், வேலைக்கு லாயக்கில்லாதவர்களோடு சேர்த்து, நிவாரணம் பெறுகிறவர்களாக. பாபாசாகேப் பெயரைச் சொல்லிக்கொண்டு இதைக் கேள்வி கேட்காமல் இருப்பது பாபாசாகேபுக்கு மரியாதை இல்லை. அவரே திருத்தத்துக்கு வழி வைத்துத்தானே எழுதினார்.

2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம், மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் மட்டும் எடுத்தால் 2.45. ஊனமுற்றோர் இயக்கங்களின் மேடையில் இந்த 2.45ஐ நான் கேட்டதில்லை. "இங்க சாதி பாக்கறதில்ல தோழர்" என்பார்கள். பார்க்காததால்தான் கேட்கிறேன். 1995 சட்டம் 3 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுத்தது, 2016 சட்டம் அதை 4 ஆக்கியது. தேர்வெழுதி வேலைக்குள் நுழைகிற ஊனமுற்றவருக்காக நிறையப் போராடியிருக்கிறார்கள், நல்லது. வேலையே ஊனமாக்கி வெளியே தள்ளுகிறவருக்காக? நம் தலித் இயக்கங்களோ, அடிபட்டவரை மாலை போட்டு மேடையில் நிறுத்துகின்றன, நிதி திரட்டிக் கொடுக்கின்றன, அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகின்றன. கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குப் படிக்கட்டுதான், சாய்தளம் இருக்காது.

*

இதுவரை சொன்னதெல்லாம் நிரந்தரத் தொழிலாளிக்கு. அவர்கள் இனி எத்தனை பேர்? இப்போது வருகிற ஆள் எல்லாம் கான்ட்ராக்ட். இங்கேதான் சட்டத்தின் கதவு நம் முகத்தில் அடிக்கிறது. 20ஆம் பிரிவு அரசு நிறுவனத்துக்கு மட்டும். குப்பை அள்ளும் கம்பெனி தனியார் நிறுவனம்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஒரு மாநகராட்சியின் தெருவில் வேலை. சட்டையில் மாநகராட்சி முத்திரை, சம்பளம் கம்பெனியில். 2023இல் காம்பாக்டர் லாரியில் தொட்டியைக் கவிழ்க்கும்போது வலது கை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேல் எடுத்தார்கள். ஈ.எஸ்.ஐ.யில் மாதாமாதம் கொஞ்சம் வருகிறது. வேலை? கம்பெனி சூப்பர்வைசர், "ஒத்தக் கையால பேட்டரி வண்டி ஓட்டுவியா, வூட்ல இரு" என்றார். மாநகராட்சிக்கு எழுதினோம். பதில் இரண்டு வரி: மேற்படி நபர் இந்த அலுவலகப் பணியாளர் அல்ல. கம்பெனிக்கு எழுதினோம், பதிலே இல்லை. "தம்பி, காலையில அஞ்சரைக்கு எங்கள எண்ணிப் பாத்து வேலைக்கு அனுப்புறது கார்ப்பரேஷன் ஆளு. நான் லீவு போட்டா திட்டுறது கார்ப்பரேஷன் ஆளு. கையி போனப்ப மட்டும் நான் யாருக்கும் ஆளு இல்லியா?" என்று அக்கா கேட்டார். வக்கீல் எழுதிய மனுவில் இதைவிட நல்ல வாதம் எதுவும் இல்லை.

சாதியில் தொடாமல் வேலை வாங்குவது எப்படி என்று ஆயிரம் வருடமாக இவர்களுக்குத் தெரியும். கான்ட்ராக்ட் என்பது அதன் புது வடிவம். நடுவில் ஒரு கம்பெனியை நிறுத்தி, அதன் வழியாகத் தொடாமல் வேலை வாங்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் கட்டடத்தின் முன்னால் தொழிலாளிகள் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்களே, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று, அதைக் கூலிப் பிரச்சினை என்று மட்டும் பத்திரிகைகள் எழுதின. ராத்திரியோடு ராத்திரியாக அவர்களை அள்ளிக்கொண்டு போனபோது, கை போனால் நாற்காலி கேட்கிற உரிமையையும் சேர்த்துத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள்.

நீதிமன்றம் இதில் நமக்கு நல்லது செய்ததாகச் சொல்ல மாட்டேன். 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில், கான்ட்ராக்ட் முறையை ஒழித்தாலும் தொழிலாளி தானாக நிரந்தரம் ஆக மாட்டார் என்றது. 2006இல் உமாதேவி வழக்கில் தற்காலிகமாக வந்தவர்களை நிரந்தரமாக்கும் கதவை ஏறக்குறைய அடைத்தது. ஆனால் அந்த 2001 தீர்ப்பிலேயே ஒரு சந்து இருக்கிறது: கான்ட்ராக்ட் வெறும் பொய் வேடம் என்று நிரூபித்தால் தொழிலாளி முதன்மை நிறுவனத்தின் ஆள்தான். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் வருடக்கணக்காகத் துப்புரவு வேலை செய்தவர்களை நிரந்தரமாக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக வைத்துக்கொண்டு தொழிலாளிகளைச் சுரண்டாதே என்று அரசு அலுவலகங்களைக் கண்டித்தது. அக்காவின் மனு இந்தச் சந்து வழியாகத்தான் போயிருக்கிறது. எண் ஆகிவிட்டது. எதிர்மனு இன்னும் வரவில்லை.

தனியார் கம்பெனியையும் அப்படியே விட வேண்டியதில்லை. ஊனத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிற 3ஆம் பிரிவு அரசு, தனியார் என்று பிரிக்கவில்லை. தேவையான சிறு வசதிகளைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான் என்று சட்டத்தின் விளக்கப் பகுதியே சொல்கிறது. சட்டத்தை மீறினால் முதல் தடவை அபராதம் 10,000 ரூபாய் வரை. கம்பெனிக்கு அது ஒரு நாள் டீசல் காசு, தெரியும். அடுத்த தடவை 50,000 முதல் 5 லட்சம் வரை. 92ஆம் பிரிவு வேறு: பொதுமக்கள் பார்வையில் ஊனமுற்றவரை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நாம் பழகிய வாசகம்தான் இது. "ஒத்தக் கை" என்று பட்டியில் எல்லோர் முன்னாலும் சொன்ன சூப்பர்வைசர், கூடவே சாதியையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இரண்டு சட்டத்திலும் மாட்டுவார்.

"கோர்ட்டுக்குப் போயி என்னாத்தக் கண்டோம், பத்து வருசம் இழுப்பான்" என்று சங்கத் தோழர்கள் சொல்வது எனக்குத் தெரியும். பகவான் தாசுக்குக் கண் போனதிலிருந்து தீர்ப்பு வரப் பதினாலு வருடம். உண்மைதான். ஆனால் கோர்ட்டுக்குப் போகாமல் எழுதிக் கொடுத்தவர்களுக்கு எத்தனை வருடம் கழித்து வேலை கிடைத்தது? சாகிறவரை கிடைக்கவில்லை. அதோடு, இந்தத் தாமதத்துக்குப் பாதிக் காரணம் முதல் நாளில் நாம் எழுதுகிற கடிதம். முதல் கடிதம் சரியாக இருந்தால் பல விஷயம் கோர்ட்டுக்குப் போகாமலே முடியும்.

ஆகவே வேலைக்கு ஆகிறதைப் பேசுவோம். அடிபட்டவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது, வெற்றுத் தாளில் ரேகை வைக்கவே கூடாது. ஊனச் சான்றிதழ் வாங்குகிற வரை காத்திருக்காமல், ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்தே ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்: 2016ஆம் ஆண்டுச் சட்டம் 20(4) பிரிவின்படி அதே ஊதிய விகிதத்தில் எனக்கு மாற்றுப் பணி வேண்டும், இன்ன இன்ன வேலை என்னால் செய்ய முடியும் என்று. வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள், பம்ப் ஹவுஸ் என்றால் பம்ப் ஹவுஸ் என்றே எழுதுங்கள். அப்போதுதான் அந்த மேனேஜர் தன் சிரிப்பைத் தாளில் எழுத வேண்டி வரும். ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும், தரவில்லை என்றால் பதிவுத் தபால். 23ஆம் பிரிவின்படி ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அப்படி ஒருவர் இருப்பது பல ஆபீசில் அவருக்கே தெரியாது, போய்த் தெரியப்படுத்துங்கள். அங்கே ஆகாவிட்டால் மாவட்டக் குழு, மாநில ஆணையர். ஆணையரின் பரிந்துரையை ஏற்காவிட்டால் மூன்று மாதத்துக்குள் காரணம் எழுத்தில் சொல்ல வேண்டும், அந்த எழுத்து உயர் நீதிமன்றத்தில் நமக்கு உதவும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்ற பேச்சு வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பட்டியல் சாதியினர், பெண்கள், ஊனமுற்றோர் மூவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அக்கா மூன்று வரிசையிலும் இருக்கிறார்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவர்களை விட்டுவிடாதீர்கள். ஒவ்வோர் ஊரிலும் மருத்துவக் காரணம் காட்டி அனுப்பப்பட்ட துப்புரவுத் தொழிலாளிகளின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எந்த வருடம், என்ன ஊனம், எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல், மாற்றுப் பணி ஏதும் பரிசீலிக்கப்பட்டதா, வாரிசுக்குக் கொடுத்த வேலை என்ன. 1996 பிப்ரவரி 7க்குப் பிறகு போன எல்லோரும் இதில் வருவார்கள். ஓய்வு வயது தாண்டியவருக்கு நாற்காலி கிடைக்காது, ஆனால் இடைப்பட்ட வருடங்களின் சம்பளத்தையும் பென்ஷன் வித்தியாசத்தையும் கேட்க முடியும். கடிதம் அவர் கையெழுத்திலா, கிளார்க்கின் கையெழுத்திலா என்று முதலில் பாருங்கள். மாமாவின் கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். கண் தெரியாத மனிதர், நீலமையில் நல்ல வரிசையாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.